படிவத்தில் இரண்டாம் பெயர்

படகில் ஏறுவதற்கு முன்பே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பெர்த் நகரை ஒட்டிய ஃப்ரீமேன்டில் படகுத்துறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் என் மனைவியின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினாள். யாங்சென், முதுகலை, கல்வியியல் துறை. என் கழுத்திலும் ஒன்றை மாட்டினாள். அதில் 'விருந்தினர்' என்று மட்டும் இருந்தது. பெயர்கூடக் கிடையாது. பூட்டானில் பதினோரு வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். டிராஷிகாங் கடைத்தெருவில் என் தலை தெரிந்தாலே பையன்கள் வாயில் மென்றுகொண்டிருக்கும் வெற்றிலையை விழுங்கிவிட்டு வணங்குவார்கள். அந்த ஷேரப் வாத்தியாருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

அது வெளிநாட்டு மாணவர்களுக்காக யாங்செனின் துறை வருஷம் ஒருமுறை நடத்தும் சுற்றுலா. ராட்னெஸ்ட் தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டிவரலாம். யாங்சென் கூட்டிவந்த ஆள் நான். என் கையில் சாப்பாட்டுப் பை.

இது எப்படி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு பெர்த்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். கணவன் மனைவி இருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதுவார்கள். யாருக்கு மதிப்பெண் கூடுதலோ அவர் பெயர் விசா படிவத்தில் முதலில் போகும். முதல் பெயர் படிக்கும். இரண்டாம் பெயர் வேலை பார்த்து முதல் பெயரைப் படிக்கவைக்கும். யாங்சென் எங்கள் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். நான் எழுதிக்கொடுக்கும் கேள்வித்தாளை அடிப்பவள். நான்கு மாதம் சமையலறையில் உட்காரவைத்து அவளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுத்ததும் நானேதான். முடிவு வந்தது. எனக்கு ஆறு, அவளுக்கு ஆறரை. தேர்வாளரிடம் நான் வகுப்பெடுப்பதுபோலப் பேசினேனாம், அவர் ரசிக்கவில்லை போலிருக்கிறது. அந்த அரை மதிப்பெண்ணில் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். நான் வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்தில், ஜனங்கள் கண்ட இடத்தில் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்த்து நெட்டித் தள்ளும் வேலைக்குப் போனேன்.

ஆனால் ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. அவள் படிப்பு நவம்பரில் முடிகிறது. அதன் பிறகு புதுப் படிவம், அதில் என் பெயர் முதலில். பாறைக்குள் ஒலியை அனுப்பி உள்ளே என்ன கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பு ஒன்று இங்கே இருக்கிறது. அதைத்தான் நான் படிக்கப்போகிறேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு தள்ளுவண்டியையும் நான் தள்ளியது அந்த நவம்பரை நோக்கித்தான். எனக்கு வயது முப்பத்தொன்பது.

படகில் யாங்சென் மேல்தளத்துக்குப் போய்விட்டாள். அவள் வகுப்புக் கூட்டம் அங்கே இருந்தது. சிலி நாட்டுக்காரன் ரெனாட்டோ என்று ஒருவன், அவள் எதைச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நீங்கள் நினைக்கிற பொறாமை அல்ல என்னுடையது. அதுவாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் சொல்வதற்கு அங்கே பத்து பேர் காது கொடுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி அதை யாராவது கடைசிவரை கேட்டு எத்தனை நாளாயிற்று!

கீழ்த்தளத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் டெப். யாங்செனின் பேராசிரியை. அறுபது வயதிருக்கும், முழங்கால்வரை டிரவுசர், தலையில் தொப்பி. யாங்சென் அவரை 'டெப்' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். எங்கள் ஊரில் ஆசிரியரை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதற்கே தயங்குவோம். டெப் என்னிடம் தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒன்றை நீட்டிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன, உங்க வீட்டம்மா முடிவு பண்ணிட்டாங்களா? ஆராய்ச்சிக்கு அவங்கதான் வேணும்னு நாங்க எல்லாருமே சொல்லிட்டோம். மூணரை வருஷம். இன்னிக்குள்ள பதில் சொல்றேன்னாங்க."

எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மூணரை வருஷம் என்றால் எனக்கு நாற்பத்துமூன்று ஆகும். அவள் ஆராய்ச்சி செய்தால் நான் தள்ளுவண்டி தள்ள வேண்டும், இருவரும் படித்தால் வாடகையை யார் கொடுப்பது? பெருமையாக இருக்குமே உங்களுக்கு என்றார் டெப். ரொம்ப என்றேன். வெளியே கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. இந்தப் படகு ஏன் கவிழ்ந்து தொலையவில்லை என்றிருந்தது.

தீவில் கார் கிடையாது. எல்லாருக்கும் சைக்கிள் கொடுத்தார்கள். இங்கேதான் அடுத்த இடி. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. டிராஷிகாங்கில் தெரு என்பது மலையில் சாய்த்துவைத்த ஏணி, அங்கே எவன் சைக்கிள் விட்டான்? சைக்கிள் ஏன் கீழே விழாமல் ஓடுகிறது என்று கரும்பலகையில் நாற்பது நிமிஷம் விளக்குவேன். ஏறி உட்காரச் சொன்னால் விழுந்துவிடுவேன். யாங்செனும் என்னைப் போலத்தான் இருந்தாள். பல்கலைக்கழக வளாகத்தில் தோழிகளோடு எப்போது கற்றுக்கொண்டாளோ, தலைக்கவசத்தை மாட்டி, ஒரு காலை ஊன்றி, ஜம்மென்று ஏறிப் போனாள்.

"நீ மெதுவா நடந்து வா, கடற்கரைல பாக்கலாம்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சாப்பாட்டுப் பை என்னிடம்தான்.

நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. குவாக்கா என்று ஒரு பிராணி அந்தத் தீவு முழுக்க இருக்கிறது, பூனை அளவில், பார்த்தால் சிரிக்கிற முகம். அதோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் உலகமே அங்கே வருகிறது. ஒன்று புதரடியில் உட்கார்ந்திருந்தது. நானும் மண்டியிட்டு, கைப்பேசியை நீட்டி, இளித்தேன். அது திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டியது. கால்மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போது அவர்கள் கூட்டம் சைக்கிளில் வந்து நின்றது. யாங்சென் இறங்கிக் குனிந்ததுதான் தாமதம், அந்தச் சனியன் அவள் முகத்தருகே வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. ரெனாட்டோ படமெடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு மிருகத்தின் சிரிப்புக்காகப் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பட்டேன்.

மதியம் கடற்கரையில் மற்றவர்கள் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்க, நாங்கள் சற்றுத் தள்ளி ஒரு மரநிழலில் உட்கார்ந்தோம். சிவப்பரிசிச் சோறும் மிளகாய்–பாலாடைக்கட்டிக் குழம்பும். விடியற்காலையில் எழுந்து நான் சமைத்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினாள். டெப் உன்கிட்ட சொல்லிட்டாங்களாமே என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டார்களாம். என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தாளாம்.

"நவம்பர்ல உன் முறைன்னுதான் பேச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு ஷேரப். உனக்குப் படிக்கணும்னா சொல்லு, நான் டெப்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

என் கை தானாக எழுந்து என் வாயைப் பொத்தியது.

"சேச்சே, எனக்கு எதுக்கு? நீ படி" என்றேன்.

பூட்டானில் பிறந்த எவனும் அப்படித்தான் சொல்வான். ஒரு வீட்டில் சோறு நீட்டினால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்போம். பசியில் குடல் சுருண்டாலும் அதைத்தான் சொல்வோம். அவர்கள் மறுபடி நீட்டுவார்கள். மறுபடி வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை தட்டில் சோறு விழும். முதல் தடவையே வாங்குகிறவனை நாங்கள் மனுஷனில் சேர்ப்பதில்லை. முதல் 'வேண்டாம்' என்பது பேச்சின் ஆரம்பம், அவ்வளவுதான். ஆகவே நான் மணலைப் பார்த்துக்கொண்டு அவளுடைய இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும் கொஞ்சம் இழுத்துவிட்டு, மூன்றாவதில் சரி என்று சொல்வதாக இருந்தேன்.

"சரி" என்றாள் யாங்சென். கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். "தேங்க்ஸ்" என்றாள், ஆங்கிலத்தில். நேரே மணலில் நடந்து டெப்பிடம் போனாள். டெப் அவளைக் கட்டிக்கொண்டார். பத்து பேர் கைதட்டினார்கள்.

பாக்கிச் சோறு முழுவதையும் நானே தின்றேன். மிளகாய் காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது நல்லதாயிற்று. இரண்டு வருஷத்தில் ஊரை மறந்துவிட்டாளே என்று திட்டினேன். இங்கே ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்தப் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். வேண்டியதை வேண்டும் என்று கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு மட்டும் அது வரவில்லை. ஆறரைக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் இதுதானோ என்னவோ.

நாலரை மணிப் படகுக்கு வரிசை நின்றது. டெப் எங்களுக்கு ஐந்தாறு பேர் முன்னால். யாங்சென் என்னோடு நின்றாள். தீவைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வோமா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்றாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ரெண்டாவது தடவை கேக்க மாட்டியா நீ? ஒரே தடவைல சரின்னு போற. ஊர் பழக்கமெல்லாம் மறந்துபோச்சா?"

அவள் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்.

"மறக்கல. மறுபடி கேட்டா நீ வேணும்னு சொல்லிடுவன்னு தெரியும். அதனாலதான் கேக்கல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள்மேல் அன்று நாள் முழுக்கப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாக்கிவிட்டது அந்த நிமிஷம். ஒன்றின்மேல் இவ்வளவு ஆசை வைத்து, அதற்காகக் கட்டின புருஷனிடமே இப்படி ஒரு கள்ளத்தனம் செய்ய இவளால் முடிகிறதே, என்னால் ஏன் முடியவில்லை என்று வயிற்றில் தீ பிடித்தது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"எனக்கு வேணும்" என்றேன். "நவம்பர் என்னோடது. எனக்குப் படிக்கணும், யாங்சென்."

என் வாழ்க்கையில் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் காது சுட்டது.

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. அன்று காலையிலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். பேச்சு மாறக் கூடாது இல்ல என்று மட்டும் முணுமுணுத்தாள். வரிசையிலிருந்து விலகி முன்னால் போனாள்.

டெப்பிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. பேசிக்கொண்டே அவள் கை எழுந்து வாயைப் பொத்தியது. இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. டெப் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்தார். நல்ல மனுஷி. வேண்டாம் என்று சொன்னவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்திருப்பார்.

யாங்சென் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். டெப் திரும்பவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

"சரின்னுட்டாங்க" என்றாள்.

போய் நிஜமாகச் சொல், அவருக்கு நம் வழக்கம் தெரியாது, உனக்கு அது வேண்டும் என்று சொல் என நான் சொல்லியிருக்கலாம். நானே நான்கு எட்டு வைத்து டெப்பின் தோளைத் தொட்டிருக்கலாம். எல்லாம் எனக்குத் தோன்றியது, தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படகு வந்து கயிறு கட்டும்வரை நேரம் இருந்தது. நான் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, வரிசையில் அவளுக்கு முன்னால் நகர்ந்தேன்.