பலகையில் தொங்கிய ஏழு சாவிகள்

வியாழக்கிழமை மதியத்துக்குள் அவள் கடையின் இணையதளத்தை நாற்பத்தோரு முறை திறந்து பார்த்துவிட்டாள். எண்ணிக்கையில் பிசகே கிடையாது. ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போட்டிருந்தாள். தான் பார்த்ததைக் கழித்தால்தானே வெளியாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும்? இந்த மாதிரி வேலைகளால்தான் அண்ணன் அவளுக்குப் ‘பட்டியல்’ என்று பெயர் வைத்திருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டு மாதிரி எங்கோ பத்திரமாக இருந்தது.

அண்ணன் பூட்டுக்காரன். பேக்கரிக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய அகலத்தில் அவன் கடை. பகலில் அவள் அங்கே முன்மேசையில் உட்கார்ந்திருப்பாள். மாலையில் இணையதளம் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குப் போவாள். தெருமுனையில் புதிதாக ஒரு பெரிய கடை வந்து, அதில் சாவி வெட்டவும் ஒரு மூலை ஒதுக்கி, அதன் மேலாளர் அண்ணனையே வேலைக்குக் கூப்பிட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியம் அண்ணன் பதில் சொல்ல வேண்டும்.

“உன் வெப்சைட்டைப் பாத்துட்டு பத்து பேர் கூப்பிடட்டும், கடை இருக்கும்” என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டான். “ஒன்பதுன்னா, நான் சட்டையில பேரைக் குத்திக்கிட்டு அங்க போய் நிக்கிறேன். நீ உன் நோட்டைத் தூக்கிட்டு வேற இடம் பாரு.”

திங்கட்கிழமை ஒருவரும் கூப்பிடவில்லை. முகப்பில் இருந்தது, பாதி இறங்கிய ஷட்டரைக் கோணலாக எடுத்த படம். வகுப்பு மேடம் அதைப் பார்த்துவிட்டு, “முதல் படம் மூணு செகண்ட்ல ஆளைப் புடிச்சு நிறுத்தணும்மா. இது ஆளைத் துரத்துது” என்றார். செவ்வாய் காலை வெயில் கடைக்குள் சரிந்து விழுந்தபோது அவள் சுவர்ப் பலகையைப் படம் எடுத்தாள். வேலை முடிந்து, வாங்க ஆள் வரக் காத்திருக்கும் ஏழு சாவிகள் அதில் வரிசையாகத் தொங்கின. பித்தளை பளபளத்தது. ஒவ்வொரு பள்ளமும் கூர்மையாக விழுந்திருந்தது. படத்தை முகப்பில் ஏற்றி, அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள்.

புதன்கிழமை ஐந்து அழைப்பு. வியாழன் காலையில் மூன்று. எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றையேதான்: “கடை எங்க இருக்கு?” அவள் சந்தோஷமாக வழி சொன்னாள். அதை முகப்பிலேயே எழுதியிருக்கலாமே என்று அப்போது தோன்றவில்லை. எட்டு. இன்னும் இரண்டு. கை தானாகப் போனை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது.

“இங்க குடு” என்றான் அண்ணன். அதுவரை அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. “அப்படி என்னதான் பண்ணி வெச்சிருக்கன்னு பாப்போம்.”

கறுத்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பாராட்டப்போகிறான் என்று அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“இந்தச் சீட்டெல்லாம் யாரு எழுதுனது?”

“நான்தாண்ணா. நீ பல்லு, கத்திரிக்கோல்னு படம் வரைஞ்சு வெச்சிருந்த. ஒண்ணும் புரியல. அதான் போன வாரம் எல்லாத்துக்கும் தெருப் பேரு, கதவு நம்பர்னு அழகா எழுதித் தொங்கவிட்டேன்.”

அவன் போனைச் சாவி வெட்டும் மிஷின் மேல் சாய்த்துவைத்தான். பல் வெட்டாத வெறும் சாவி ஒன்றை எடுத்தான். படத்தைப் பார்த்தான், அளந்தான், வெட்டினான், அரத்தால் தேய்த்தான். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. பேக்கரியில் ஒரு தட்டு ரொட்டி வெந்து இறங்குவதற்குள் சாவி தயாராகிவிட்டது.

“படத்துல இருக்குற சலவைக்கடைச் சாவிதான் இது. அவங்க பின்கதவுல போட்டுப் பாரு.”

போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி திரும்பியது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து நீராவியும், “யாரு அது?” என்ற சலவைக்கடைக்காரரின் குரலும் ஒன்றாக வந்தன. அவள் சாவியை உருவிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

படத்தை நீக்கினாள். குழுவிலும் நீக்கினாள். ஆனால் அதற்குள் இணையதளத்தில் மட்டும், தன்னுடையதையெல்லாம் கழித்தது போக, இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். மூன்று நாளாக ஏறு ஏறு என்று அவள் வேண்டிக்கொண்ட எண் அதுதான். இப்போது அதில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய இரண்டு கண்கள்.

“எனக்குத் தெரியாதுண்ணா.”

“உனக்கு யாரு சொன்னா தெரியுறதுக்கு? நான்தான் சொல்லல.” அவன் ஏழு சீட்டுகளையும் உருவி மேசைமேல் போட்டான். “பட்டியல் போடு. எந்தக் கதவு முதல்ல, எது அப்புறம்னு.”

வெள்ளிக்கிழமை ஷட்டர் ஏறவில்லை. கருவிப்பையை அவன் தூக்கிக்கொள்ள, புதுப் பூட்டுகளை அவள் சுமந்தாள். ஒவ்வொரு வாசலிலும் தன் பெயர் அடிபடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். ஆனால் அண்ணன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தான்: “நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்.”

தையல்காரர் எகிறினார். “வீட்டுச் சாவியக் குடுத்தா ஊருக்கே படம் புடிச்சுக் காட்டுவீங்களா? நாளைக்கு என் பீரோவையும் போடுங்க!” பூட்டை மாற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று திட்டினார். முடிந்ததும் பழைய சாவியைப் பிடுங்கிக்கொண்டு, “இனிமே உன் கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்” என்று கதவைச் சாத்தினார். புதுப் பூட்டு நன்றாகவே விழுந்தது.

பல் டாக்டரம்மா நோயாளியை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“நீங்க சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதும்மா.”

“அப்புறம் ஏன் வந்து மாட்டிக்கிறீங்க?”

“பூட்டு மாத்தணுமேம்மா” என்றான் அண்ணன், கேள்வியே புரியாதவன் போல. உள்ளேயிருந்து நோயாளி ஏதோ முனகினார். “இதோ வந்துட்டேன், மூடிறாதீங்க” என்று டாக்டரம்மா உள்ளே ஓடினார்.

ஆறு பூட்டு முடிந்தது. ஏழாவது, மூன்றாவது மாடி சங்கீத வாத்தியார் வீடு. பூட்டியிருந்தது. கச்சேரிக்காக வெளியூர் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றாள் எதிர்வீட்டுப் பெண். அவர் போன் அணைத்துக் கிடந்தது. அண்ணன் பையிலேயே அந்தக் கதவின் சாவி இருந்தது. ஆனாலும் அவர் சம்மதிக்காமல் அவன் அதை வெளியே எடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. கடையிலேயே உட்கார்ந்து பக்கத்தைப் புதிதாகச் செய்தாள். முதல் படமாக, பேக்கரியும் சலவைக்கடையும் இரண்டு பக்கமும் தெரியும்படி தெருவிலிருந்து எடுத்த கடையின் படம். அதன் கீழே வழி, திறக்கும் நேரம், போன் நம்பர். அதற்கும் கீழே நான்கு வரி: ‘இந்த இடத்தில் வாடிக்கையாளர்களின் சாவிகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தோம். போட்டிருக்கக் கூடாது. அந்தப் பூட்டுகளை மாற்றி வருகிறோம். ஒன்று பாக்கி.’ அழித்தாள். எழுதினாள். இதைப் படித்துவிட்டு இனி யார் வருவார்கள் என்று மறுபடி அழிக்கப் போனவளை அண்ணன் தடுத்தான்.

“இருக்கட்டும் விடு.”

சனிக்கிழமை மதியம்வரை புது அழைப்பு ஒன்றும் இல்லை.

“எத்தனை ஆச்சு?” என்றான் அண்ணன், கையிலிருந்த பூட்டை விட்டுக் கண் எடுக்காமல்.

அவள் நோட்டைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. “ஏழு.”

“எட்டுன்னு சொன்னியே?”

“ஒருத்தி என் கிளாஸ்மேட். ரிங் போகுதான்னு சும்மா அடிச்சுப் பாத்தாளாம். நேத்துதான் சொன்னா.”

“அதை மறைச்சா எனக்குத் தெரியவா போகுது?”

“நோட்டுல எழுதிட்டேனே.”

அவன் சிரிப்பை அடக்குவதற்குள் போன் அடித்தது. பெரிய கடை மேலாளர். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க சார்... திங்கக்கிழமையா? முடியாது சார், ஒரு பூட்டு மாத்த வேண்டியிருக்கு... செவ்வாய்க்கிழமைதான் அவரே வர்றார்... இல்ல சார், யாரையாவது அனுப்பி முடிக்கிற வேலை இல்ல. அந்த மனுஷன் வந்து விஷயத்தைக் கேட்டுட்டு என்னைத் தேடி வரும்போது கடை மூடிக் கிடந்துச்சுன்னா, சாவி வெச்சிருந்தவனே ஓடிட்டான்னுதான் நெனைப்பார்... புதன்கிழமையும் வேணாம் சார். என் பலகையில சாவி தொங்குற வரைக்கும் நான் இங்கதான் இருக்கணும். நீங்க வேற ஆள் பாத்துக்குங்க.”

போனை வைத்துவிட்டு அவன் அவளைப் பார்த்தான். “என்ன முழிக்கிற? பத்து ஆகல. தோத்ததும் நீதான், கடையில உக்காரப்போறதும் நீதான். போ, மூணாவது மாடிக் கதவைப் பாத்துட்டு வா.”

அவள் ஓடினாள். கதவு பூட்டியேதான் இருந்தது. கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்து ஒரு கோடு போட்டாள். திரும்பும்போது கீழேயிருந்து காலடிச் சத்தம் ஏறி வந்தது; சுவரோடு ஒட்டி நின்றாள். பையோடு வந்த ஒரு ஆள் அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நாலாவது மாடிக்குப் போனான். அவள் தெருவரைக்கும் இறங்கினாள். பேக்கரி வாசலில் நின்று யோசித்தாள். அப்புறம் மறுபடி மூன்று மாடி ஏறிப் போய், கைப்பிடியை அசைத்துப் பார்த்து, நோட்டில் இன்னொரு கோடு போட்டாள்.