ஆறு குதிரைகளுக்குத் தீனி

லாரியின் பின்கதவை இறக்கியதும் முதலில் தெரிந்தது பவானியின் விலா எலும்புகள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ரத்தினத்தின் கையிலேயே பிறந்து விழுந்த குட்டி அது. எண்ணெய் தடவிய மாதிரி மின்னிக்கொண்டு இதே கேட் வழியாக ஈசிஆர் பக்கத்துக் குதிரைச் சவாரிப் பள்ளிக்குப் போனது. இப்போது பலகையில் கால் வைக்கவே யோசித்து நின்றது. அதன் பின்னால் காயடித்த பழுப்புக் குதிரை ஒன்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

பள்ளியை நடத்திய இராமச்சந்திரன் காரைவிட்டு இறங்கினார். ஆனால் கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"ஸ்கூலை மூடிட்டேன் ரத்தினம். ஐடி கம்பெனிப் பசங்கதான் கத்துக்க வந்துட்டு இருந்தாங்க. இப்ப பாதிப் பேருக்கு வேலையே இல்ல. இதுங்களுக்கு என்னால தீனி போட முடியல."

"என்கிட்ட மட்டும் இன்னா சார் கீது?"

"பீச்சுல குதிரை ஓட்டுறவங்க ரெண்டு பேர் கேட்டாங்க. எனக்கு மனசு வரல. நீ வேணாம்னா சொல்லு, அங்கயே விட்டுட்டுப் போறேன்."

பவானியின் வயிற்றில் சேணத்தின் வார் உராய்ந்து புண்ணாகியிருந்தது. அதில் ஈ மொய்த்தது. அது மூக்கை நீட்டி ரத்தினத்தின் சட்டையை மோந்து பார்த்தது. அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"கஸ்தூரி சினையா கீது சார். இன்னும் ஒரு மாசம்தான். இந்தக் குட்டிய எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தீங்க."

இராமச்சந்திரன் தரையைப் பார்த்தார். "இந்த வருஷம் யாரும் எதுவும் வாங்க மாட்டாங்க ரத்தினம்."

அது 2009 ஏப்ரல். கிண்டி ரேஸ் லாயத்தில் இருபது வருஷம் குதிரை பார்த்துவிட்டு, பத்து வருஷத்துக்கு முன்னால், ஓட்டத்துக்கு ஆகாது என்று கழித்துவிட்ட பெண்குதிரைகளில் கஸ்தூரியோடு சேர்த்து மூன்றை ரத்தினம் வடக்குப்பட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நவாப் என்ற ஆண்குதிரை அப்புறம் வந்து சேர்ந்தது. குத்தகை நிலம், விழல் வேய்ந்த ஒரு லாயம், ஏரியோரத்துப் புல். அவ்வளவுதான் பண்ணை. கல்யாண ஊர்வலக்காரர்களும் சவாரிப் பள்ளிக்காரர்களும் குட்டி கேட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு கம்பெனிகள் வந்தன. புல் இருந்த இடமெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்குள் போனது. வைக்கோலும் கொள்ளும் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. குட்டி விற்கிற வரைக்கும் அதுவும் நடந்தது. போன தீபாவளிக்குப் பிறகு ஒரு குட்டிகூடப் போகவில்லை. கார் வாங்க ஆள் இல்லாமல் கம்பெனிகளும் ஷிஃப்டைக் குறைத்தன. காலையில் ஒரகடம் ரோட்டில் போகிற கம்பெனி பஸ்களில் ஜன்னலோரத்தில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள்.

அவர் மனைவி அம்சவல்லி கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் காய் நறுக்கினாள். எத்தனை ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அன்றன்றைக்குக் கேன்டீனுக்குத் தெரியாது. பழைய கணக்குக்கே உலை வைப்பார்கள். அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சும்.

"குப்பையில கொட்றாங்க. பாத்தாலே வயிறு எரியுது," என்றாள் ஒருநாள், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியை இறக்கி வைத்து. "தவிட்டுல கலந்து வெச்சா இன்னா? துன்னாதா?"

சோறு ஆகாது என்று ரத்தினத்துக்குத் தெரியும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது புளித்து வாயு கட்டினால் வெளியே வர வழியில்லை. ஆனால் தொட்டி காலியாக இருந்தது, ஆறு தலைகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் பழுப்புக் குதிரைக்கு இரண்டு கை போட்டார். மறுநாள் அது நன்றாகவே நின்றது. அடுத்த நாள் நாலு கை. இரண்டு வாரம் அப்படியே போனது. அது நல்லதுக்கில்லை என்று ஒவ்வொரு முறையும் நினைத்தார், ஒவ்வொரு முறையும் போட்டார்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை வைக்கோலும் தீர்ந்தது. வாளியில் இருந்தது முந்தின நாள் சோறு. வெயிலுக்கு லேசாக வாடை அடித்தது. வயிற்றில் குட்டி இருக்கிறதே என்று கஸ்தூரிக்குத்தான் அதிகமாக வைத்தார்.

மறுநாள் காலை கஸ்தூரி முன்காலால் தரையைப் பிறாண்டியது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. அம்சவல்லி அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள். மண்ணூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"எனக்கு மாடுதான் பழக்கம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. அதுவரைக்கும் படுக்க விட்டுடாதீங்க. உருண்டா குடல் முறுக்கிக்கும்."

லாரிக்காரர் பன்னிரண்டு மணிக்குத்தான் வர முடியும் என்றார். ரத்தினம் கஸ்தூரியைப் புது நாலுவழிச் சாலைக்கு நடத்திக்கொண்டு போனார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக அந்த முனை வரைக்கும் போவது, திரும்பி வருவது. கம்பெனி பஸ்ஸிலிருந்து யாரோ செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஷேர் ஆட்டோக்கள் ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போயின. பதினோரு மணிக்குக் கஸ்தூரி நின்றது, முன்கால்கள் மடிந்தன.

"எந்திரி. எந்திரி கஸ்தூரி."

எழவில்லை. ரத்தினம் கயிற்றின் நுனியைச் சுருட்டி அதன் தொடையில் ஓங்கி அடித்தார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு குதிரையை அடித்ததில்லை. அது திடுக்கிட்டு எழுந்து, பத்தடி நடந்தது. மறுபடி விழுந்தது. இந்த முறை எத்தனை அடித்தும் எழவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு அதன் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து குட்டி உதைத்தது. கஸ்தூரியின் மூச்சு நின்ற பிறகும் இரண்டு முறை உதைத்தது. அவர் கையை எடுக்காமல் காத்திருந்தார். பிறகு அதுவும் இல்லை.

லாரி பன்னிரண்டரைக்கு வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பக்கத்து மனையில் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் முன்னால் ஒரு ஜேசிபி நின்றது. அதன் டிரைவர் நெல்லையப்பன் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். சேதி கேட்டதும் தானாகவே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு மாசமா வேலை கெடையாது அண்ணாச்சி. வண்டி சும்மாதான் நிக்கி. குழி நான் வெட்டித் தாரேன்." கஸ்தூரியைத் தூக்குவதற்கு முன்னால் அதன் வயிற்றைப் பார்த்தார். "உள்ள குட்டி இருக்கோ?"

ரத்தினம் தலையசைத்தார். நெல்லையப்பன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மூன்றரை மணிக்கு அம்சவல்லி வந்தாள். கையில் வாளி. கேட்டருகே நின்று புது மண்மேட்டைப் பார்த்தாள். லாயத்தில் நின்ற தலைகளை எண்ணினாள். ஐந்து. வாளியைக் கீழே வைத்தாள்.

"நான்தான எட்த்தாந்தேன்."

"நான்தான வெச்சேன்."

அம்சவல்லி வேலியோரம் போய் வாளியைக் கவிழ்த்தாள். காக்கைகள் இறங்கின. வெறும் வாளியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். பிறகு வந்து ரத்தினத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

தீனி வைக்கிற நேரம் வந்து, கடந்தது. குதிரைகள் தொட்டியை நக்கின, கட்டையை உதைத்தன. பிறகு நவாப் கழுத்தை நீட்டி, கூரையின் ஓரத்தில் தொங்கிய விழலைக் கடித்து இழுத்தது. ஒரு கற்றை புழுதியோடு உருவிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து மற்றவையும் தலையைத் தூக்கின. அம்சவல்லி விரட்டுவதற்கு எழுந்தவள், ரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். கூரையில் துளை பெரிதாகிக்கொண்டே போனது. அதன் வழியாக மாலை வெயில் பவானியின் எலும்பு துருத்திய முதுகில் விழுந்தது. அது காய்ந்த விழலை மென்றுகொண்டே அடுத்த கற்றைக்குக் கழுத்தை நீட்டியது.