ஊத்துக்கரை வழியாக ஓர் ஓட்டம்

சாணார்பட்டி மலைச்சாமியைக் கோபக்காரன் என்பார்கள். கோபக்காரன் இல்லை, ரோஷக்காரன். கோபம் ஒருவேளைச் சோற்றோடு போய்விடும். ரோஷத்துக்குத் தீனியே வேண்டாம், அதுபாட்டுக்கு வளரும்.

மாமனார் ஊரான ஊத்துக்கரையில் கொழுந்தியாள் கல்யாணம் நடந்தது தை மாசத்தில். முதல் பந்தியில் மூத்த மாப்பிள்ளைக்கு இலை போட மறந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் இதெல்லாம் ஒரு சங்கதியா? மலைச்சாமிக்குச் சங்கதியாகிவிட்டது. "இனிமே இந்த ஊரு மண்ண மிதிச்சா என்னான்னு கேளுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பின்னாலேயே வரவேண்டிய ராமுத்தாய் வரவில்லை. "எங்கய்யா மூஞ்சியில கரியப் பூசிட்டுப் போறாரு. அவரா வாயத் தொறந்து கூப்புடட்டும், அப்ப வாரேன்" என்று பிறந்த வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

ஆடியும் முடியப்போகிறது. அவன் போகவில்லை, அவள் வரவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றைப் பொங்கித் தின்றுகொண்டு, பேச ஆளில்லாமல் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் இல்லாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தச் சமயத்தில்தான் பிளாக் ஆபீசில் சுதந்திர தினத்துக்கு நெடுந்தூர ஓட்டம் வைத்தார்கள். சாணார்பட்டி மைதானத்தில் புறப்பட்டு, கரட்டில் ஏறி இறங்கி, கண்மாய்க்கரை பிடித்து, ஊத்துக்கரைத் தெரு வழியாகப் போய், காட்டைச் சுற்றி மறுபடி மைதானத்துக்கே வரவேண்டும். முதல் பரிசு பித்தளைக் குடம். தண்டோராக்காரன் ஊத்துக்கரை என்று சொன்னதுதான் தாமதம், மலைச்சாமி பேர் கொடுத்துவிட்டான்.

"அந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்ன?" என்றான் கூடவே பேர் கொடுத்த கூட்டாளி சங்கிலி.

"நானாவா போறேன்? பந்தயம் போகுது, கூட நான் போறேன்."

"ஆகட்டும்டா அப்பு. பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுதான் போகும்."

விசில் ஊதியதும் இளவட்டங்கள் தலைதெறிக்கப் பறந்தார்கள். கரட்டடிவாரத்துக்கு வரும்போது பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலைச்சாமி அவசரப்படவில்லை. ஆடு மேய்த்த கரடு, எந்தக் கல் உருளும், எங்கே சூரைமுள் கிடக்கும் என்று அவன் காலுக்குத் தெரியும். உச்சிக்குப் போனபோது முன்னால் ஒருவரும் இல்லை. இறக்கத்தில்தான் முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. கண்மாய் வற்றிக் கிடந்தது. கரை நெடுக வெள்ளைத் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். தாகம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தது. ஆனாலும் ஊர் நெருங்கியதும் முகத்து வேர்வையைத் துடைத்து, கலைந்த தலையைக் கையால் கோதிவிட்டுக்கொண்டான்.

எல்லைக்கல்லைத் தாண்டினான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

தெருவின் இரண்டு பக்கமும் ஊரே நின்றது. மாமனார் கண்ணுசாமி கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மலைச்சாமி ஒவ்வொரு பெண் முகமாகத் தேடினான். ராமுத்தாயைக் காணோம். வேகத்தைக் குறைத்தான், தெருமுனை வந்துவிட்டது, காணவே காணோம். நின்றேவிட்டான்.

மாமியார் ஒச்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். "யாரத் தேடுறீங்க மாப்ள? அவ வெள்ளனயே சாணார்பட்டிக்குப் போயிட்டாளே, ஓட்டம் பாக்க!"

"சாணார்பட்டிக்கா?"

"நானாவா போறேன், பொம்பளைக அம்புட்டுப் பேரும் போறாக, கூடத்தான் போறேங்குறா. நீங்க கரட்டுல ஏறையில அவ வண்டிப்பாதையில அங்க போயிச் சேந்திருப்பா."

அடக் கடவுளே! புறப்பட்ட இடத்திலேயே செத்த நேரம் சும்மா நின்றிருந்தால் போதுமே.

செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான். சங்கிலி மூச்சிரைக்கக் கடந்துபோனான். "ஓடியாலே! குடம் போகுதுலே!"

கொடி கட்டிய பாதை வலது பக்கம் போனது. மலைச்சாமி இடது பக்கம் வண்டிப்பாதையில் திரும்பினான். தை மாசத்திலிருந்து அவனிடம் பேசாத கண்ணுசாமி பதறிப்போய் வாயைத் திறந்தார். "மாப்ள, பந்தயம் அங்கிட்டு!" மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை ஓடியதெல்லாம் ஓட்டமா? இதுதான் ஓட்டம். அவள் திரும்பிப் போவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

மைதானத்துக்குள் அவன் தலை தெரிந்ததும் கொட்டு முழங்கியது. எந்தத் திசையிலிருந்து வந்தான் என்று எவர் பார்த்தார்? அதிகாரி மாலையைப் போட்டுக் கையைக் குலுக்கி, மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மலைச்சாமியின் கண் கூட்டத்தில் அலைந்தது. அதோ, புளியமர நிழலில் ராமுத்தாய். பக்கத்தில் நின்றவளை முழங்கையால் இடித்து "எங்க வீட்டுக்காரரு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

பேசாமல் நின்றால் குடமும் அவனுக்கு, அந்தச் சிரிப்பும் அவனுக்கு. ஒரு கணம் ஆசைதான். பிறகு மாலையைக் கழற்றினான்.

"சார், நான் செயிக்கல. வண்டிப்பாதையில குறுக்க வந்துட்டேன்."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. "பந்தயத்த விட்டுட்டு எதுக்கய்யா இப்படி விழுந்தடிச்சு ஓடி வந்தே?"

'பந்தயம் போகுது, கூட நான் போறேன்' என்ற பேச்சு அதோடு தீர்ந்தது. இனிச் சொல்ல வேறு சாக்கு இல்லை.

"பொண்டாட்டியக் கூப்புட வந்தேன்."

மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை ஊருக்கெல்லாம் சொன்னது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் காது சிவந்தது. ஆனாலும் நகரவில்லை. "ராமுத்தாயி, வீட்டுக்கு வா" என்றான்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கிட்டே வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. நான் முன்னால போயி ஒல வைக்கிறேன்."

"சாவி எதுக்கு? நீ கூட வராமப் போன அன்னைக்கிலருந்து நான் வீட்டப் பூட்டலயே" என்றான் அவன்.

அதையும் அந்தக் குழாய் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது.