பிடிக்குள் அடங்காத எழுத்து

விடியுமுன்பே மேப்பிள் மரத்தூள் எங்கள் மூக்கில் ஏறிவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஏரிக்கரையில், சுவரொட்டி அச்சடிக்க மரத்தில் எழுத்து செய்யும் தொழிற்சாலை அது. ஆண்கள் சுழலும் உளி எந்திரத்தில் எழுத்தை வெட்டுவார்கள். அந்த உளி உள்மூலைகளை வளைவாக விட்டுவிடும். கத்தி பிடித்து அவற்றைக் கூராக்குவது பெண்கள் வேலை. அன்டோன் வெட்டியவை என் மேசைக்கு வரும்.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளி ஹோல்கோம்ப் புது எழுத்து ஒன்றைக் கொண்டுவந்தார். கன்னங்கரேலென்ற தடிப்பு. உயரத்தைவிட அகலம் அதிகம். எழுத்துக்குள்ளே வெள்ளை விழக் கீற்றளவே இடம். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கண்ணைப் பிடித்திழுக்கும் என்று சர்க்கஸ்காரர்களும் ஏலக்காரர்களும் அதையே கேட்டார்கள். ஆனால் கட்டையை இறுக்கிவைக்கும் எந்திரத்தின் பிடி ஒடுக்கமான எழுத்துகளுக்கென்று செய்தது. அகலக்கட்டை அதில் அடங்கவில்லை. அன்டோன் ஒரு கையால் கட்டையை அமுக்கியபடி மறுகையால் உளியை ஓட்டினான்.

"ஐயா, அகலமா ஒரு பிடி செஞ்சு குடுங்க. கை வழுக்குது."

"எழுத்துதான்டா அகலம். உன் வாய் எதுக்கு அகலமாகுது?"

திங்கட்கிழமை காலை அந்தக் கீற்றை வெட்டும்போது மெல்லிய உளி முறிந்தது. கட்டை துள்ளியது. அன்டோனின் இரண்டு விரல்கள் மரத்தூளில் கிடந்தன. நான் என் ஏப்ரன் துணியைக் கிழித்து அவன் கையைச் சுற்றினேன்.

ஹோல்கோம்ப் வந்தார். "கட்டை தேறுமா பாருங்க" என்றார்.

என் பக்கத்து மேசை போஜெனா கத்தியை வைத்தாள்.

"பிடி வர்ற வரைக்கும் இந்த எழுத்தத் தொட மாட்டோம்."

"தொடாதவங்க வெளிய போகலாம்."

"வாடி லுட்மிலா" என்று என் கையைப் பிடித்தாள். பெண்கள் முதலில் இறங்கினோம். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

ஏரி உறைந்தது. வீடுகளில் நிலக்கரி தீர்ந்தது. உருளைக்கிழங்கும் அழுகத் தொடங்கியது. பாதிரியார் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சில குடும்பங்கள் மரம் அறுக்கும் ஊர்களுக்குப் போய்விட்டன. கடைசியில் அக்கம்பக்கத்து ஊர்ச் சுவர்களில் எல்லாம் சுவரொட்டி ஏறியது: 'ஆட்கள் தேவை.' அதே தடித்த அகல எழுத்து. மூலைகள் நான் கூராக்கியவை. அந்தச் சுவர் முன்னால் நின்று அழுதேன்.

எங்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வரும் காலையில் ரயிலடியில் கூடினோம். கால் விறைத்தது. தோற்றுவிட்டோம் என்பது எல்லோர் முகத்திலும் இருந்தது. வந்தவர்கள் இறங்கினார்கள், எங்களைப் போலவே கிழிந்த கோட்டுகள். தலைகுனிந்து எங்களைக் கடந்து தொழிற்சாலைப் பக்கம் போனார்கள்.

ஒருவன் மட்டும் அன்டோனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து நின்றான். எங்கள் செக் மொழியிலேயே கேட்டான்.

"எந்த எந்திரம்ணே?"

"உனக்குக் குடுக்கப்போறது."

"எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. எழுத்து அவ்ளோ பெருசா இருந்துச்சு. நல்ல வேலைன்னு நெனச்சுட்டேன்."

"நாங்க வெட்டுனதுதான் தம்பி" என்றான் அன்டோன்.

திரும்பிப் போக அவனிடம் காசில்லை. எங்களிடமும் இல்லை. போஜெனா நகர்ந்து இடம் விட்டாள். அவன் மூட்டையைப் பனியில் இறக்கிவைத்து, எங்கள் வரிசையில் நின்றான். பிறகு, முன்னே போய்க்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான்.