மாசிக்காய்ப் பொடி கறுக்காத கிணறு

டாக்டர் ஆம்புரோஸ் டில்லன் கண்ணாடிக் குவளையில் மாசிக்காய்ப் பொடியைத் தூவினார். தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னொரு சிட்டிகை போட்டார். பொடி மிதந்து, நனைந்து, அடியில் படிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கிணற்றுத் தண்ணீர் இதே பொடிக்கு மை போலக் கறுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இரும்பு கலந்த தண்ணீரில்தான் இந்தப் பொடி கறுக்கும், இது சோகைக்கு நல்லது என்று அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு அதைப் புத்தகமாகவும் அச்சடித்தார். டப்ளினில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் எங்கள் கிணற்றைத்தான் உதாரணம் காட்டுவாராம்.

அவர் கொடுத்த காகிதம்தான் எங்களைக் காப்பாற்றி வந்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்கர்கள் இதுபோன்ற புனிதக் கிணற்றில் கூடிக் கும்பிட்டால் சவுக்கடி என்பது சட்டம். மருந்துத் தண்ணீர் குடிக்க வந்தோம் என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? நிலச் சொந்தக்காரர் டெஞ்ச் துரைக்கு இது தொண்டையில் சிக்கிய முள். அவர்தான் டாக்டரை வரவழைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். கறுக்காவிட்டால் கிணற்றை மூடுவதற்கு ஒரு கொத்தன் இரண்டு வண்டிக் கல்லோடு தயாராக நின்றான். இந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்துத்தான் நானும் என் நாத்தனார் யூனாவும் கஞ்சி குடிக்கிறோம். இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தேகம். நேற்று டாக்டர் துரை வீட்டில்தான் சாப்பிட்டார். வாத்துக்கறி என்று அங்கே சமைப்பவள் சொன்னாள். வாத்தைத் தின்றவர் பொடியை மாற்ற மாட்டாரா?

"பொடியில ஏதோ கோளாறு, டாக்டர் ஐயா," என்றேன். "யாராச்சும் மாத்தி வச்சிருப்பாங்க."

துரை சிரித்தார். "கேட்டீங்களா டில்லன்? உங்க பொடி மேலயே பழி போடறா ஓனோரா."

டாக்டர் கோபப்படவில்லை. அதனால் என் சந்தேகம் இன்னும் வலுத்தது. கொத்தனின் துருப்பிடித்த உளிகள் ஊறிக் கிடந்த வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு, அதே பொடியை அதில் போட்டார். கன்னங்கரேல் என்று ஆனது. பொடியில் குற்றமில்லை. இப்போது மூன்று ஆண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"கிணத்த என்ன பண்ணினே?" என்றார் டாக்டர்.

"என்ன பண்ணுவாங்க? பெரிய மனுஷங்க வராங்களேன்னு சுத்தம் பண்ணினோம். எனக்குத் தெரிஞ்சு யாரும் எறங்கினதில்ல. நானும் யூனாவும் ரெண்டு நாளா தூர் வாரினோம்."

"தூர்ல என்ன வந்துச்சு?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் கிணற்றில் வேண்டிக்கொள்கிறவர்கள் ஓர் ஊசியோ ஆணியோ போட்டுவிட்டுப் போவார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்து ஆணியெல்லாம் துருவேறிக் கட்டிதட்டிக் கிடந்தது. மூன்று கூடை. அத்தனையையும் அள்ளி வேலிக்குப் பின்னால் காஞ்சொறிப் புதரில் கொட்டியிருந்தோம். டாக்டர் புத்தகத்தில் எழுதிய இரும்பு பூமியிலிருந்து வரவில்லை. ஆனால் அதைச் சொன்னால் இங்கே கும்பிடுகிறோம் என்று துரையிடம் நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"சகதிதான்," என்றேன்.

டாக்டர் என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் துரு இன்னும் போகவில்லை. அவர் முகம் வெளுத்தது. எத்தனை மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாரோ! குவளையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத் துரையிடம் திரும்பினார்.

"ஒரு வாரமா மழை. ஊத்துல மழைத்தண்ணி கலந்திருக்கு. சனிக்கிழமை இன்னொரு தடவ பாத்துடலாம்."

"அன்னைக்கும் கறுக்கலைன்னா?"

"முதல் கல்ல நானே வைக்கிறேன்."

துரை அரைமனதாகக் குதிரை ஏறினார். கொத்தனும் அவர் பின்னால் போனான். டாக்டர் போகவில்லை.

"அந்தச் சகதி எங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"எதுக்கு?"

"திரும்பப் போட வேண்டாமா?"

பாலில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தேன். இவர் பேச்சை நம்பி நான் போடுவேன். சனிக்கிழமை துரை முன்னால் ஓர் ஆணியை எடுத்துக் காட்டி, இந்தப் பொம்பளை என்னை ஏமாற்றிவிட்டாள் என்பார். கல்லூரி வாத்தியார் சொல்லுக்கு எதிராக என் சொல் எந்த நீதிமன்றத்தில் எடுபடும்?

"உங்க பேரு தப்பிச்சுக்கும், என் முதுகுதான் கிழியும். மொதல்ல நீங்க போடுங்க."

"நானா?"

"நீங்கதான். ரெண்டு சாட்சி இருக்கட்டும். ஏய் யூனா, இங்க வாடி!"

யூனா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துரை போன பாதையை டாக்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் விடுவதாக இல்லை. கடைசியில் அங்கியிலிருந்து தன் பாடக் குறிப்புகளை எடுத்தார். தாள்களைக் கோத்திருந்த இரும்பு ஊசியை உருவிக்கொண்டு, தாள்களை அக்குளில் இடுக்கினார். கிணற்றடிக் கல்லில் ஊசியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, நடுவில் வளைத்து, தண்ணீரில் விட்டார்.

வளைக்காமல் போட்ட ஊசி வேண்டுதலைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. இதை நாங்கள் வெளியாட்களுக்குச் சொல்வதில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

யூனா என் கையைப் பிடித்தாள். ஊசி அடியைத் தொடும்வரை டாக்டர் குனிந்தபடியே நின்றார். அவருடைய வலது கை சிலுவை போடப் போவதுபோல நெற்றிவரை எழுந்தது. அங்கே ஒரு கணம் தயங்கி, தலையிலிருந்த பொய்முடியைச் சரிசெய்துகொண்டது.