நேர் எதிரே சுப்பாத்தாள் காடு

மோகன்குமார் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். வெளியே நின்று நான் "புகை வருதுங்க" என்றதும் அவர் கை பெட்ரோல் குழாயைத் தேடி மூடியது, பெல்ட்டைக் கழற்றியது, கதவுக் கொக்கியில் தடுமாறியது. மறுபடியும், என்றார். காரமடைப் பக்கம் அவருடைய மோட்டார் பட்டறையில் இரும்பு சுமக்கிறவன் நான். அலுமினியக் குழாய், துணி, ஒரு பழைய கார் என்ஜின், இவற்றை வைத்து அவரே கட்டியது பறக்குமா என்று ஊர் கேட்டது. என் சந்தேகம் வேறு. இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் இறங்குவதற்கு ஏன் இவ்வளவு பாடம்?

கேட்டேன். கண்கட்டை அவிழ்க்காமலே சொன்னார். "ஏறுன ஒடனே என்ஜின் நின்னுபோச்சுன்னா, திரும்பி நம்ம தளத்துக்கே வந்தரலாம்னு மனசு சொல்லும் பாய். அந்த ஒசரத்துல திரும்புனா தலைகுப்புற விழுந்து ஆள் காலி. நேரா எறங்கிப்போடோணுமுங்க."

எங்கள் ஓடுதளத்துக்கு நேர் எதிரே சுப்பாத்தாளின் சோளக்காடு. தட்டறுத்து வெறுமையாகக் கிடந்தது. பறக்கிற வரைக்கும் அப்படியே விடச் சொல்லிக் கேட்க என்னைத்தான் அனுப்பினார். அந்தம்மா எல்லாம் கேட்டுக்கொண்டு, மாட்டை வேறு பக்கம் கட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

தை மாதத்து ஞாயிறு காலை, பறக்கிற நாள். மணல் வாளியும், பெல்ட் சிக்கினால் அறுக்க அரிவாளுமாக வேலியைத் தாண்டினேன். காடு நிறையச் சனம். நடுவில் கயிற்றுக்கட்டில், தண்ணீர்க் குடங்கள், அரைத்த மஞ்சள், ஒரு சொம்பு மோர்.

"தம்பி எறங்குனா இங்கதான் எறங்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார் சுப்பாத்தாள். "தூக்கறதுக்கு ஆள் வேண்டாமுங்களா? மைதீன் பாய் ஒருத்தரே தோள்ல போட்டுட்டுப் போயிருவீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் என்ஜின் சத்தம் ஏறியது. ஓடிப்போய் நிறுத்த இனி முடியாது.

"மேலிருந்து உங்களப் பார்த்தார்னா திரும்பிப்போடுவாருங்கம்மா."

அந்தம்மா முகம் மாறியது. கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓரத்து வரப்புக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

வேப்பமரங்களுக்கு மேலே அது எழுந்து வந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. என்ஜின் ஒருமுறை இருமியது, பிறகு சத்தமே இல்லை. இறக்கைத் துணியில் காற்று படபடப்பது மட்டும் கேட்டது. எல்லார் கண்ணும் அதன் மூக்கின் மேல், இடமா வலமா என்று. அது எந்தப் பக்கமும் போகாமல் மெல்லக் கீழே தணிந்தது. அறுத்த தட்டுக்கட்டைகளின் மேல் அதன் நிழல் ஓடி வந்தது. நிழலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.