விரல் நுழையும் இடைவெளி

கார் கண்ணில் படும் முன்பே அதன் சத்தம் ஆர்கிரிஸுக்குத் தெரிந்துவிட்டது. மலைமேல் போர்தாரியாவுக்குப் போகிற ரோட்டிலிருந்து ஒரு சிவப்பு இரண்டு சீட் கார் இறங்கிவந்து அவன் டயர் கடை வாசலில் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்த அதே கார்தான். முன்பக்கம் முழுக்கப் புதுசாகக் கட்டி, பெயின்ட் அடித்திருந்தார்கள்.

இறங்கினவள் பொலிக்சேனி. செத்துப்போன ஸ்டெர்கியோஸின் தங்கை. வோலோஸ் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை.

"அண்ணே, வீல் மாத்தணும்," என்றாள். "எங்க அண்ணன் போட்டிருந்த அதே அளவு."

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். வண்டிப் பெட்டிக்குள் கிடந்ததாம். பதினேழு இன்ச், எட்டரை அகலம், ஆஃப்செட் இருபத்திரண்டு, டயர் 225/45. எழுத்து ஆர்கிரிஸுடையது.

"இப்ப இருக்கிற பதினாறே நல்லாத்தானே இருக்கு?"

"மே மாசம் மலையேத்தப் பந்தயத்துல பேர் குடுத்திருக்கேன். அவன் ஓட்டணும்னு நெனச்ச வண்டி. அவன் நெனச்ச மாதிரியே இருக்கணும்."

பின்னால் டயர் கழற்றிக்கொண்டிருந்த ஸீசிஸ் தலையைத் தூக்கினான். ஆர்கிரிஸின் மனைவிக்குத் தம்பி. "நம்ம கடைல பொண்ணுங்க பந்தயத்துக்கு வீல் கேக்குற காலம் வந்துடுச்சு மச்சான். நீதான் இன்னும் தராசு வச்சுக் கத்திரிக்கா நிறுக்கிறவன் மாதிரி முழிக்கிற."

"வாய மூடுறா," என்றான் ஆர்கிரிஸ். அவளிடம், "வியாழக்கிழமை வாம்மா. வண்டி இங்கயே இருக்கட்டும். பாத்துச் சொல்றேன்," என்றான். அவள் பஸ் பிடித்துப் போனாள்.



மூன்று வருஷத்துக்கு முன் ஸ்டெர்கியோஸ் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடை மூடுகிற நேரம். அந்த வீல்களை எங்கோ பழசாக வாங்கி வந்திருந்தான். ஆஃப்செட் எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்க முறுக்காக இருக்கும். ஆனால் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது டயர் மட்கார்டு விளிம்பில் போய் இடிக்கும். டயரும் பழைய அளவைவிட இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். "இடிக்கும்டா," என்று ஆர்கிரிஸ் சொன்னான். "இடிச்சா பாத்துக்கலாம் அண்ணே, போடுங்க," என்றான் அவன்.

ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் மேலே ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை. ஆர்கிரிஸ் அதைச் செய்யவில்லை. வண்டி தரையில் நின்றபடியே மட்கார்டுக்குள் கையை விட்டான். ஒரு விரல் நுழைந்தது. "சரி, போய்ட்டு வா," என்றான்.

பன்னிரண்டு நாள் கழித்து, மழையில், போர்தாரியாவுக்கு மேலே இடது வளைவில் வண்டி ரோட்டைவிட்டுப் போனது. வேகம், ஈர ரோடு என்று போலீஸ் எழுதி முடித்தது. உடைந்த வண்டிகள் கிடக்கிற யார்டுக்கு ஆர்கிரிஸ் தனியாகப் போனான். முன் வலது டயரின் வெளி ஓரத்தில், கத்தியால் சீவினது போல ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடியிருந்தது. காவலாளியிடம் ஏதோ சொல்லி அந்தச் சக்கரத்தைக் கழற்றித் தன் வேனில் போட்டுக்கொண்டு வந்தான். கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தான். எரிக்கவும் முடியவில்லை, கடலில் போடவும் முடியவில்லை. அதற்கப்புறம் எந்த வண்டி மலையிலிருந்து இறங்கினாலும் டயர் தகரத்தில் உரசுகிற சத்தம் அவன் காதுக்குக் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் உரசியிருக்காது. வண்டிக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

புதன்கிழமை ஸீசிஸை ஸ்பேர் வாங்க லாரிஸாவுக்கு அனுப்பிவிட்டு, தார்ப்பாயை இழுத்தான். அந்தச் சக்கரத்தை எடுத்து வந்து முன் வலது பக்கம் மாட்டினான். ஸ்பிரிங் இல்லாமல், ஜாக்கியை மெள்ள ஏற்றினான். மூன்று வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

மட்கார்டு புதுசு. ஆனால் அதன் விளிம்பு டயரில் பழைய பள்ளத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

கழற்றிவிட்டு ஸ்பிரிங்கையும் பதினாறு இன்ச் சக்கரத்தையும் திரும்ப மாட்டினான். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, உயரம் அளந்தான். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை வலது பக்கம் முப்பத்தைந்து சென்டிமீட்டர். இடது பக்கம், டிரைவர் பக்கம், முப்பத்துமூன்றரை.

மறுபடி அளந்தான். முப்பத்துமூன்றரையேதான். ஸ்பிரிங் நாலும் புதுசு, பில் வண்டியிலேயே இருந்தது. தரை மட்டம். ஸ்டெர்கியோஸ் மாதிரி ஒரு பெரிய ஆள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தால் வண்டி அந்த அளவுதான் இறங்கும். ஆர்கிரிஸ் சீட்டைப் பார்க்கவில்லை. டேப்பைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். 

"சொல்லிடுறேன்டா," என்றான், வண்டியைப் பார்க்காமல். "நாளைக்குச் சொல்லிடுறேன்."

ஸீசிஸ் திரும்பி வந்து அளந்தபோது இரண்டு பக்கமும் முப்பத்தைந்து காட்டியது. "மச்சான், கண்ணாடி மாத்து," என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனான்.

வியாழக்கிழமை பொலிக்சேனி வந்ததும் ஆர்கிரிஸ் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனான். சக்கரத்தைச் சுவரோரம் நிறுத்தியிருந்தான்.

"இது உங்க அண்ணன் வண்டில இருந்தது. நான்தான் யார்டுலருந்து எடுத்துட்டு வந்தேன். இந்தப் பள்ளத்தப் பாரு. மட்கார்டு அறுத்தது. இடிக்கும்னு எனக்குத் தெரியும். விரலை மட்டும் விட்டுப் பாத்துட்டு, சோதிக்காம அனுப்பிட்டேன். போலீஸ்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல."

அவள் குனிந்து பார்த்தாள். 

"இதனாலதான் செத்தானா?"

"தெரியாதும்மா. மழையும் பேஞ்சுது. வேகமாவும் போயிருக்கான். இதனால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூணு வருஷமா அதான் தெரியல."

"நீங்க மறைக்காம இருந்திருந்தா யாராவது தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லியிருப்பாங்க. இல்ல?"

"ஆமா."

"அவன் சாவுக்கு வந்து எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. எப்படி முடிஞ்சுது உங்களுக்கு?"

அவன் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. இதையும் எடுத்துட்டு வாங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள். அழவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு, சர்ச் முடிந்த நேரம், ஆர்கிரிஸ் பொலிக்சேனி வீட்டு மூன்றாம் மாடிக்குச் சக்கரத்தைத் தோளில் சுமந்து ஏறினான். அவள் அம்மா அசிமினா கறுப்புச் சட்டையில் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். எழுந்து வந்து, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துச் சுற்றிலும் ஒரு தடவை ஓட்டினாள்.

"போட்டு முடிச்சப்ப அவன் என்ன பண்ணான்?"

"வண்டியச் சுத்திச் சுத்தி வந்தான் அக்கா. ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னு பாத்தான். அப்புறம் என்னைக் கட்டிப்பிடிச்சு, தாடி குத்துற மாதிரி முத்தம் குடுத்தான்."

"அத இத்தனை நாள் நீ மட்டும் வச்சிருந்த," என்றாள் அசிமினா. சக்கரத்தைக் காட்டி, "இத இங்கயே வச்சுட்டுப் போ. இனிமே என் வீட்டுப் படி ஏறாதே. போலீஸ்ல போய் எழுதிக் குடுத்துடு," என்றாள்.

திங்கட்கிழமை அவன் போய் எழுதிக் கொடுத்தான். முடிந்துபோன வழக்கு என்றார் அதிகாரி, வாங்கி ஃபைலில் சேர்த்துக்கொண்டார். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். அவர்கள் கூப்பிடவே இல்லை. அப்படிக் கூப்பிடாமல் இருப்பதுதான் அவனை அதிகமாக வாட்டியது. செய்தி ஊரில் பரவி, பந்தயக்காரப் பையன்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஸீசிஸ் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டான்.

மார்ச்சில் ஒருநாள் பொலிக்சேனியின் கார் வாசலில் நின்றது.

"சரியான அளவு என்னன்னு நீங்க சொல்லுங்க," என்றாள்.

"என்கிட்டயா?"

"லாரிஸாவுல டயர் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவரும் விரலை விட்டுப் பாத்துட்டு சரின்னாரு."

ஆர்கிரிஸ் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பதினாறு இன்ச்தான், ஏழு அகலம், ஆஃப்செட் நாற்பத்தைந்து, டயர் 205/50. ஸ்பிரிங்கைக் கழற்றி நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் அவளைக் குனியவைத்து எங்கே எவ்வளவு இடம் இருக்கிறதென்று காட்டினான். அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். எடைக்கு மணல் மூட்டைகளை டிரைவர் சீட்டில் வைத்து மறுபடி அளந்தான். சாயங்காலம் ஆகிவிட்டது.

அவள் போர்தாரியா பக்கம் கிளம்பினாள். அவன் வாசலிலேயே நின்றான். ஸீசிஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டான். ஆர்கிரிஸ் உட்காரவில்லை. நாற்பது நிமிஷம் ஆனது.

கார் திரும்பி வந்தபோது கண்ணாடியெல்லாம் ஈரம். மேலே தூறலாம். பொலிக்சேனி ஜன்னலை இறக்கினாள். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"அந்த வளைவுல பின்பக்கம் லேசா மிதக்குது. டயர்ல காத்து ஜாஸ்தியோ?"

"எவ்வளவு வேகத்துல?"

"அறுபது."

"பாக்குறேன்," என்று ஆர்கிரிஸ் காற்று அளவியை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் அருகே மண்டியிட்டான். மூடியைத் திருகி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அளந்தான். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.